பன்னிரண்டு வெள்ளைப் பெட்டி

நள்ளிரவில் எந்த ஊரிலோ ஒருவன் மேடையேறி
ஐயாயிரம் குறைத்தான்.
கைதட்டினார்களாம்.
ரிச்சி தெருவில் விடிந்தபோது என் கடையில்
பன்னிரண்டு வெள்ளைக் கன்சோல்,
பழைய விலையில், கடனுக்கு எடுத்தவை.
அறுபதாயிரம்.
பல் துலக்கும்போதே கணக்கு முடிந்துவிட்டது.

எதிர்க்கடை ஜபருல்லா கறுப்பு விற்கிறவர்.
ஷட்டரைப் பாதி தூக்கியவர்
என்னைப் பார்த்துச் சிரித்தார்.
நியாயம்தான்.
போன தீபாவளிக்கு நான் சிரித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை கறுப்பும் இறங்கியது.
ஆறாயிரம்.
அன்றைக்கென்று மழை.
தெருவில் கணுக்கால் தண்ணீர், அதில் மிதக்கும் தெர்மாகோல்.
அவர் சரக்கை மேல்தட்டில் ஏற்ற ஆள் வரவில்லை.
சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன்.
இருபத்தொரு பெட்டி.
என் பெட்டியை விட அரைக் கிலோ கூட இருக்கும்;
ஈர அட்டை வாசம் மட்டும் அதேதான்.

"எவன் பாய் ஜெயிக்கிறான்?"
"டீ சொல்லும்மா" என்றார்.

டீ வருவதற்குள் ஒரு பையன் வந்தான்,
பெரம்பூராம்.
பால் கவருக்குள் பணம், ரப்பர் பேண்டு போட்டு.
கறுப்பைப் பார்த்தான்.
தெருவுக்கு அந்தப் பக்கம் வெள்ளையைப் பார்த்தான்.
"இன்னும் குறையுமா?"

"குறையாது" என்றோம்,
நானும் ஜபருல்லாவும், ஒரே மூச்சில்.
இத்தனை வருடத்தில்
நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

பையன் எங்கள் இருவர் முகத்தையும்
மாறி மாறிப் படித்தான்.
பால் கவரை மடித்துச் சட்டைக்குள் வைத்தான்.

"அப்ப அடுத்த மாசம் வர்றேன்."