நாற்பத்து மூன்று

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்கு மேல்மாடி.
சனிக்கிழமை இரவு கீழே பாலீஷ் மோட்டார் நின்ற பிறகுதான்
எங்கள் டிராகன் வாய் திறக்கும்.

ஆட்டத்தை நடத்துகிறவன் நான்.
பகலில் ஜவ்வரிசி மில்களுக்கு வரிக்கணக்கு எழுதுகிறேன்.
எதையும் ஒரு தலைப்புக்குக் கீழே தள்ளாமல்
தூக்கம் வராது எனக்கு.

ஆளுக்கு நாற்பத்து மூன்று திறன்கள்.
ஏறுதல், தாவுதல், நீந்துதல்,
ஒளிதல், ஓசையின்றி நடத்தல் (இரண்டும் வேறாம்),
பூட்டுத் திறப்பு, பொறி அவிழ்ப்பு, கயிற்று முடிச்சு…
ஒரு கதவுக்கு மூன்று முறை பகடை உருட்டி
நாலாவதில்
அது பூட்டவே படவில்லை என்று கண்டுபிடித்த இரவு
பேனாவை எடுத்தேன்.

ஏறு, தாவு, நீந்து: உடல்.
பார், கேள், மோப்பம் பிடி: கவனம்.
பேரம், பொய், மிரட்டல், முகத்துதி: பேச்சு.
ஒன்பது தலைப்பு. ஒரே பக்கம்.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இம்தியாஸ்தான் முதலில் தாளைக் கவிழ்த்துப் போட்டான்.
"பேரமும் பொய்யும் ஒண்ணா?
பதினாலு வருஷமா கொலுசு விக்கிறேன்.
செய்கூலியில கொறைப்பேன், எடையில கை வச்சதில்ல.
என் கள்வனும் அப்படித்தான்.
திருடுவான். பொய் சொல்ல வராது."
நாங்கள் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை.

வினோதினி மேட்டூர்க்காரி,
ஏழு வயதில் கால்வாயில் குதித்தவள்.
"நீந்தத் தெரிஞ்சா ஏறவும் தெரியும்னு யாரு சொன்னா?
ஏற்காடு பஸ்ஸுல ஏழாவது வளைவுக்குள்ள
எனக்கு எலுமிச்சம்பழம் வேணும்.
இங்க ரெண்டுக்கும் ஒரே அஞ்சு போட்டிருக்க."

நான் தட்டுவடை செட்டைக் காட்டினேன்.
பீட்ரூட் இத்தனை, காரட் இத்தனை என்று
எண்ணியா வாங்கினோம்? ஒரு வாய், ஒரு விலை.
"வெங்காயம் வேணாம்னு சொல்லித்தான் வாங்கினேன்"
என்றாள், வாய் நிறைய.

பெனடிக்ட் எதுவும் சொல்லவில்லை.
மூன்று வருடமாக அவனுடைய குள்ளன்
சம்பாதித்த புள்ளியெல்லாம் கயிற்று முடிச்சில் கிடந்தது.
ஒருமுறைகூட உருட்டியதில்லை.
ஒரு பள்ளம் வருமென்று காத்திருந்திருக்கிறான்.
நான் வைக்கவே இல்லை.
புதுத் தாளில் கயிறு எங்கும் இல்லை.
'இதர' என்று ஒன்று இருந்திருந்தால் அதில் விழுந்திருக்கும்;
இதர பெருத்தால் அதிகாரி கேள்வி கேட்பார்,
பழக்கதோஷம், போடாமல் விட்டேன்.

மார்கழியில் ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றில் ஆடினோம்.
கம்பளிக்குள் ஆறு கால், நடுவில் மெழுகுவத்தி.
கோட்டை இரண்டு மணி நேரத்தில் விழுந்தது.
பழைய தாளென்றால் வாசலிலேயே விடிந்திருக்கும்.
யாரும் எந்தத் திறன் என்று தேடவில்லை,
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பார்த்தீர்களா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

மறுநாள் மாலை இறங்குகையில்
பலகையில் 13/20.
பகடையில் விழுந்தால் தேறுகிற எண்.
காரின் பானட் சட்டென்று எழுந்து
கண்ணாடி முழுக்க இரும்பு.
எப்படி நிறுத்தினான் என்று இம்தியாஸுக்கே தெரியாது.

கொக்கி முறிந்திருந்தது.
சுவரில் குரங்குகள் எங்களை வேடிக்கை பார்த்தன.
வினோதினி பள்ளத்துக்கு முதுகு காட்டி
மலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
இம்தியாஸ் லாரி ஒன்றை நிறுத்திக் கயிறு கேட்டான்,
சொன்ன காசைப் பேரமில்லாமல் கொடுத்தான்.
பெனடிக்ட் கட்டினான்.
ஒரு சுற்று. உள்ளே ஒரு மடி.
இழுத்தால் இறுகும், ஒரு நுனியை உருவினால் அவிழும்.

"எங்கடா கத்துக்கிட்ட?"

"குள்ளனுக்காக.
வீடியோ பார்த்து, கதவுக் கைப்பிடியில."

மீதி வளைவுகளில் யாரும் பேசவில்லை.
கீழே சேலம் ஒரே வெளிச்சமாகக் கிடந்தது;
இறங்க இறங்க
கோரிமேடு, அஸ்தம்பட்டி, ஒரு பெட்ரோல் பங்க்,
ஒரு பரோட்டாக் கடை.

ஒன்பது தலைப்பு அப்படியேதான் இருக்கிறது.
அதற்குக் கீழே ஒரு கோடு மட்டும்
காலியாக விட்டேன், ஆளுக்கொன்று.
வினோதினி எழுதினாள்: ஏறுதல், சைபர்.
இம்தியாஸ்: பொய் வராது.
பெனடிக்ட் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டான்,

"அடுத்த வாரமாச்சும் பள்ளம் வைப்பியா?"