லைனில் இரைச்சல்

பெட்டிக்கு இரண்டு சாவி.
ஒன்று கார்ப்பரேஷனிடம்,
ஒன்று என் அரைஞாணில்.
ராபின்சன் பூங்காவின் வடக்கு மூலையில்
காக்கை எச்சம் வடிந்த கம்பத்தின் மேல்
ஊமத்தம்பூவாய் வாய் விரித்த இரண்டு குழல்.
ஐப்பசியில் ஒன்றுக்குள் அணில் குட்டி போட்டது;
அந்த வாரம் தெற்குப் பக்கம் மட்டுந்தான் சங்கீதம்.

நாலு மணிக்குப் பிள்ளைகளுக்குப் பாடம்.
கொசு எங்கே முட்டையிடும் என்று
குழல் சொல்லிக்கொண்டிருக்க
கொசு கடித்த காலைச் சொறிந்தபடி
வரிசையாய்க் கேட்கும் கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம்.

ஐந்தரைக்கு இசைத்தட்டு.
அன்று இரண்டாம் தட்டில் முள் மாட்டிக்கொண்டது.
வாராய் வாராய் வாராய் என்று ஏழு தடவை.
கல்மண்டபத்திலிருந்து கூடையோடு வந்த ஞானப்பூ
"வந்துட்டேன்டா, உக்காந்தும் ஆச்சு" என்றாள்.

மில் சங்கு ஊதி
தலையில் பஞ்சு ஒட்டிய ஆட்கள் வந்தார்கள்.
காசிமேட்டுச் சவரிமுத்து வந்தான்,
தோளில் ஈர வலை.
கன்னியப்பன் எப்போதும்போல
கம்பத்தில் சாய்ந்து நின்றான்:
"ஆளு கீளு எவனும் கிடையாது.
எல்லாம் தட்டுதான். ஓரணா பந்தயம்."
பந்தயம் கட்டினேன்.
எனக்கும் நிச்சயமில்லை.

ஐந்து நாற்பதுக்கு ரிப்பன் கட்டடத்திலிருந்து ஒருவர்
இன்னார் வாய்ப்பாட்டு, இன்னார் பிடில்,
இன்னார் மிருதங்கம் என்று
சம்பளப் பட்டியல் போல வாசித்து முடித்தார்.
அந்த அம்மாள் தோடியைத் தொட்டாள்.
அவசரமே இல்லை அவளுக்கு.
மாடவிழ்க்காமல் நின்ற வண்டிக்காரன்
நுகத்தடியில் கை ஊன்றி மறந்துபோனான்.

மேலே போனாள், இன்னும் ஒரு படி,
அந்தப் படியில் நின்று
மூச்செடுக்கிற இடத்தில்
இருமினாள்.

நாசூக்கான இருமல் இல்லை.
நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருகிற இருமல்.
இரண்டு குழலும் சேர்ந்து இருமின,
காக்கைகள் எழுந்து பறந்தன.
பூங்காவில் ஒருவரும் சிரிக்கவில்லை.
எங்கள் பேட்டையில் இருமலை
யாரும் லேசாக எடுப்பதில்லை.
ஞானப்பூ எழுந்து நின்று
கம்பத்தைப் பார்த்துக் கத்தினாள்:
"தண்ணி குடுங்கடா யாராச்சும்!"

பிடில் நின்றிருந்தது.
மிருதங்கம் இன்னும் தொடங்கவே இல்லை.
பட்டியலில் வராத ஒன்று மட்டும்
நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.
நாலு தந்தி.
கடைசித் தந்தி கொஞ்சம் கனமாய்,
ஈரத் துணியை உதறினாற்போல.
மறுபடி நாலு.
யார் இருமினாலும் எனக்கென்ன என்று அல்ல,
நீ வருகிறவரை நான் இங்கே இருக்கிறேன்
என்பது போல.

"ராத்திரி ஷிப்டு தொடங்கங்காட்டி
மோட்டார் மட்டும் ஓடுமே,
அந்த மாதிரி கீதுபா" என்றான் கன்னியப்பன்.
குரல் இறங்கியிருந்தது.

எனக்கு முகம் சுட்டது.
மூன்று மாதமாய் நோட்டில்
தினமும் நான் எழுதிவந்தது:
லைனில் இரைச்சல்.
தினமும் திருகாணியை இறுக்கி,
கம்பியைச் சுரண்டி,
ஈயம் வைத்து,
மறுநாளும் இருக்கிறதே என்று சபித்து,
அது இதுதானா?
யாரோ ஒருவர்
முதுகு சாயாமல் உட்கார்ந்து
மடியில் நிறுத்தி மீட்டிக்கொண்டிருந்ததையா
நான் சரிசெய்யப் பார்த்தேன்?

குரல் திரும்பியது.
விட்ட படியிலேயே காலை வைத்தது.
கன்னியப்பன் ஓரணாவை
என் சட்டைப்பையில் போட்டான்,
முகத்தைப் பார்க்காமல்.

இரவு நோட்டில் எழுதினேன்:
5.52 இருமல். பழுதில்லை.
இரைச்சல் பற்றி முன்பு எழுதியவை தவறு.
மீட்டியவர் பெயர் தெரிவிக்கவும்.
வாரக் கடைசியில் நோட்டு திரும்பி வந்தது.
சிவப்பு மையில் இன்ஸ்பெக்டர்:
வேண்டாத விஷயம் எழுதக் கூடாது.

அன்றைக்குப் பெட்டியைப் பூட்டும்போது
ஞானப்பூ மட்டும் போகாமல் நின்றாள்.
கூடையில் நாலு காரப்பொடி மிச்சம்.
"அந்தம்மாவுக்குத் தண்ணி குடுத்தாங்களா?"
"குடுத்தாங்க" என்றேன்.
"உனக்கெப்டி தெரியும்?"
டம்ளரைத் தரையில் வைத்த சத்தம் கேட்டதே என்றேன்.
கேட்டது போலத்தான் இருந்தது.