நோவி

சான் எலாதியோ துறைமுகத்துக்கு மேலே
குன்றின் முதுகில் கிடக்கிறது பழைய புராட்டஸ்டன்ட் கல்லறை.
நிலம் நடுங்கும்போதெல்லாம்
இறந்தவர்கள் ஓரிரு அங்குலம்
கடல் பக்கம் நகர்ந்துகொள்கிறார்கள்.

இரவுச் சுற்றுலா தொடங்கப்போகிறார்களாம்,
பேய்க்குச் சான்று வேண்டுமாம்.
நகராட்சி எங்களை அனுப்பியது.
நான் ஆவணக் காப்பகத்தில் எழுத்தர்.
யனாரா, வானொலிக்காகக் கால்பந்து மைதானத்தில்
மைக் பிடிப்பவள்.
காவலாளி பௌதீலியோ
ஒரு ஃபிளாஸ்க்கோடும் ஒரு இருமலோடும் வந்தார்.

கதை ஊருக்கே தெரியும்.
கல்யாணத்துக்கு முந்தைய நாள் கப்பல் கவிழ்ந்தது.
பெண், வெள்ளை உடுப்பைக்கூடக் கழற்றாமல்
பாறையிலிருந்து குதித்தாள்.
மூட்டம் ஏறும் இரவுகளில்
நாற்பத்தேழாம் வரிசையில் நிற்கிறாள்.
நம்பாதவர்களுக்குக் கல்லைக் காட்டுவார்கள்.
வலப்பாதி உடைந்துபோன கல்லில்
மிஞ்சியது இவ்வளவுதான்: நோவி.
நோவியா என்றால் இங்கே மணப்பெண்.
அதற்குமேல் யார் தோண்டுவார்கள்?

கல்லடியில் ரிப்பன்கள், உதட்டுச் சாயம்,
எவன் சட்டையிலிருந்தோ பிய்த்த பொத்தான்.
மாப்பிள்ளை கேட்டு வருகிற பெண்கள் வைப்பது.

இரண்டேகால் மணிக்கு மூட்டம் வந்தது.
வெள்ளையாக எதையாவது பார்த்தோமா என்றால், பார்த்தோம்.
கலங்கரை விளக்கு
பன்னிரண்டு நொடிக்கு ஒருமுறை
மூட்டத்தைத் திருப்பித் திருப்பி வெளுத்துக்கொண்டிருந்தது.
யனாரா ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டாள்.
ஒரு நாய். கொள்கலன் இறக்கும் பளுதூக்கி.
அப்புறம் மிக அருகில்
யாரோ முணுமுணுத்தார்கள்.
எனக்குப் பிடரி சிலிர்த்தது.
மூன்று தடவை ஓட்டிக் கேட்டோம்.
பௌதீலியோ தொண்டையைச் செருமினார்:
"நான்தான். ஜெபம். முப்பத்தோரு வருஷமா."
எந்தப் புனிதருக்கு?
"இந்நேரத்துக்கு எவர் விழிச்சிருக்காரோ, அவருக்கு."

மறுவாரம்
பேரேட்டில், கரையான் விட்டுவைத்த பக்கத்தில்,
அவள் இருந்தாள்.
அவ்குஸ்தே தீடெமான். ஹம்பர்க்கிலிருந்து வந்தவள்.
வயது ஐம்பத்தெட்டு. மணமாகாதவள்.
தொழில், சலவை.
இறந்தது நோவியெம்ப்ரே மூன்று.
நவம்பர்!
அந்த மாதத்தின் பின்பாதியை
ஏதோ ஒரு நிலநடுக்கம் தின்றிருக்கிறது.
காரணம் என்ற கட்டத்தில்
சாய்ந்த கையெழுத்தில் ஒரே சொல்: பல்.

குதிக்கவில்லை. யாருக்காகவும் காத்திருக்கவில்லை.
பல்நோவு தாடைக்கு இறங்கி
ஆறு நாள் கிடந்திருக்கிறாள்.
மாலுமிகளின் படுக்கை விரிப்புகள்
தொட்டியில் ஊறியபடியே இருந்திருக்கும்.
கல்லுக்குக் கப்பல் கம்பெனி பணம் தந்தது,
கொடுக்காமல் வைத்திருந்த
அவளுடைய கூலியிலிருந்து.

சுற்றுலாப் பிரிவின் திரு. லிஸார்தோ
என் அறிக்கையை நின்றுகொண்டே படித்தார்.
"பல்வலிக்கு யாரம்மா டிக்கெட் வாங்குவார்கள்?"
நியாயமான கேள்வி.
அறிக்கை இழுப்பறையில் அடக்கமானது.
மணப்பெண் வெள்ளிக்கிழமைதோறும் தோன்றுகிறாள்,
பெரியவர்களுக்கு நாலாயிரம் பெசோ.

இத்தனை வருஷம் அவளிடம் மாப்பிள்ளை கேட்டார்களே,
ஒருத்தியாவது பெயரைக் கேட்டாளா
என்று யனாராவிடம் கத்தினேன்.
"அக்காவுக்குக் கொடுத்தாளே" என்றாள் யனாரா,
கேபிளைச் சுருட்டிக்கொண்டே.
"நல்ல மாப்பிள்ளைதான். தச்சன்."

பௌதீலியோவிடம் மட்டும்
பேரேட்டின் நகலைக் காட்டினேன்.
இரண்டு முறை படித்தார்.
ஒன்றும் சொல்லாமல் தேநீர் ஊற்றினார்.

ஜனவரியில், கல்லெல்லாம் கொதிக்கும் கோடையில்,
வேறு வேலையாக மேலே போனேன்.
ரிப்பன்கள் புதிது. பொத்தான் மூன்றாகியிருந்தது.
உடைந்த விளிம்பில், காற்று தள்ளாதபடி
ஒரு கூழாங்கல்லை அண்டக்கொடுத்து
நான்கு கிராம்பு.

யார் வைத்தது என்றேன்.
"எனக்கெப்படித் தெரியும்" என்றார் பௌதீலியோ,
வாயைப் பாதிக்குமேல் திறக்காமல்.
அந்த வெயிலிலும்
தாடையிலிருந்து உச்சிவரை
கம்பளித் துணி சுற்றியிருந்தார்.