பத்தொன்பது

முதல் குழாய் வந்தபோது மணி ஒன்று இருபது.
லேபலில் வியர்வை பட்டுக் கலங்கிய மை:
ஹில்மியா, 47, மூதூர்.
முறைப்பாடு என்ற கட்டத்தில் ‘தாடை நோ.’
பல்லாக்கும் என்று
இரண்டு நாள் கிராம்பு கடித்திருக்கிறாள்.
ஈ.சி.ஜி. சுத்தமாம். சொல்லிவிட்டு
யோகதாசன் தேத்தண்ணிக்குப் போனான்.

சுழலியில் வைத்தேன்.
சிவப்பு அடியில் இறங்க
மேலே நின்றது
நல்லெண்ணெய்த் தெளிவில் ஒரு விரற்கடை.

ட்ரொப்போனின் வீட்டோடு கிடக்கிற புரதம்.
இதயத் தசையின் இழைகளை
இறுக்கிவிடும், இளக்கிவிடும்,
வேறு வேலை தெரியாது.
அது இரத்தத்தில் நடமாடினால்
உள்ளே சுவர் விழுகிறது.

பாயைச் சுருட்டிக்கொண்டு ஒருவர் வீதியில் நின்றால்
எந்த ஊர் எரிகிறது என்று மட்டும் கேட்கிற
இடத்துக்காரி நான்.

ஒன்பது.
‘இயல்பு’ என்று அச்சடித்தது மெசின்.
மூன்று மணி நேரம் கழித்து இன்னொன்று, என்றது வார்ட்.

ஜன்னலுக்குக் கீழே
மருந்துப் பெட்டிகளின் மட்டையைத் தின்றன
கோட்டைப் பக்கத்து மான்கள்.
வாங்கில் ஒரு மனிதர்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே இருந்தார்.
கிண்ணியாப் பாலம் தாண்டி
அம்புலன்ஸின் சிவப்பு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே
வந்திருப்பார்.
கழற்றச் சொல்ல யாரும் இல்லை.
எனக்கும் மேலிருந்து கூப்பிடத் தோன்றவில்லை.

நாலு இருபத்தைந்து. இரண்டாம் குழாய்.
பத்தொன்பது.
மெசின் மறுபடியும் ‘இயல்பு’ என்றது.
அதற்குத் தெரிந்த எல்லை முப்பத்து நான்கு,
ஆண்களின் எல்லை.
பெண்ணுக்குப் பதினாறு என்று
நான் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய கடதாசி
இரண்டு வருடமாகக் கேலி வாங்குகிறது;
ஒரு மூலை கிழிந்தும் போயிற்று.

வார்டுக்குப் போன் எடுத்தேன்.
டொக்டர் லக்சித, தூக்கம் ஒட்டிய தமிழில்,
“சின்ன நம்பர்தானே மிஸ்?”
“ஒன்பதிலிருந்து வந்த பத்தொன்பது, டொக்டர்.
பொம்பிளை ஆள்.”
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு ஒரு கதிரை
பின்னால் தள்ளப்படுகிற சத்தம்.

அவளுடைய முகம் எனக்குத் தெரியாது.
இடது கையா வலது கையா
எதிலிருந்து எடுத்தார்கள் என்றும் தெரியாது.
மிச்ச மஞ்சளை மூடி
பெயர் வெளியே தெரிய அடுக்கில் வைத்தேன்.

கையுறையைக் கழற்றிக் கீழே பார்த்தபோது
விடிந்திருந்தது.
வாங்கில் ஹெல்மெட் மட்டும்.
ஒரு மான்
அதற்குள் மூக்கை விட்டு
முகர்ந்துகொண்டிருந்தது.