வெறும் வண்டி எடை

தாழையூத்துக்கு இந்தப் பக்கம், நாற்கரச் சாலையோரம்
லாரி எடைமேடையில் ராத்திரி ஷிப்ட் எனக்கு.
பதினாறு வருசமாக ஒரே கணக்கு:
சரக்கோடு வரும்போது ஒரு எடை,
இறக்கிவிட்டு வரும்போது ஒரு எடை,
கழித்தால் சரக்கு.
சீட்டைக் கிழித்து ஜன்னல் வழியே நீட்டுவேன்.

வண்ணார்பேட்டை டாக்டரும் இதே கணக்கைத்தான் சொன்னார்.
உள்ளே போவது குறையணும்,
வெளியே போவது கூடணும்.
அவர் மேசையில் பிளாஸ்டிக் இரைப்பை ஒன்று
மூடி திறந்து கிடந்தது.
எண்பத்துமூன்று கிலோ என்று எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டார்,
பரீட்சையில் தோற்றவளுக்குப் போடுகிற மாதிரி.

சோற்றை விட்டேன்.
சொதி வைத்த ஞாயிற்றுக்கிழமை
இஞ்சிப் பச்சடியை மட்டும் நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
ஓட்ஸ் கிண்டினேன்; சுவரொட்டி ஒட்டலாம் அதில்.
ஷிப்ட் முடிந்ததும் நேராக வ.உ.சி. மைதானம்,
எரிகிற கண்ணோடு எட்டுச் சுற்று.
ஏழாம் நாள் மூன்று கிலோ இறங்கியது.

எம்சாண்ட் வண்டி கொம்பையாவிடம் பெருமையாகச் சொன்னேன்.
அவன் டீயை ஊதிக்கொண்டே,
"கங்கைகொண்டான்ல ஏத்துன ஈர மணலு
இங்க வந்து சேரதுக்குள்ள
முந்நூறு கிலோ ஒழுகிருதுல்லா அக்கா.
மணலு குறைஞ்சிட்டுன்னா சொல்லுதோம்?" என்றான்.
கோபம் வந்தது எனக்கு.
பத்தாம் வாரம் அதே மூன்று கிலோ
கொடைக்கு ஊருக்குப் போனவன் திரும்பினாற்போல
வந்து உட்கார்ந்தபோது
கோபம் வரவில்லை.

ஆளாளுக்கு ஒன்று வைத்திருந்தார்கள்.
கொள்ளுத் தண்ணி குடி.
ஏழு மணிக்கு மேல் வாயைக் கட்டு.
(ஏழு மணிக்குத்தான் எனக்கு வேலையே தொடங்குகிறது.)
சப்பாத்தி தின்னு. சப்பாத்தி கூடாது.
பழம் தின்னு. பழத்தில்தான் சீனி.
என் நாத்தனார் பிரமநாயகி
உளுந்தஞ்சோற்றை இரண்டு முறை வாங்கித் தின்றுவிட்டு
ஒட்டடைக் கம்பு போல எழுந்து போகிறாள்.
அவளிடம் யாரும்
மனக் கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசியதில்லை.
நான் மூன்றாவது இட்லிக்குக் கை நீட்டினால்
வீடே என் கையைப் பார்க்கிறது.

ஐப்பசியில் டைபாய்டு.
பதினொரு நாள் கஞ்சித் தண்ணி.
சீப்பில் முடி கொத்துக் கொத்தாய் வந்தது.
எழுந்து நடமாடியதும் தெரு கொண்டாடியது:
"நல்லாருக்கியே பிள்ள, எந்த ஜிம்மு?"
நாலு கிலோ.
காய்ச்சல் என்றேன்.
"எதுவா இருந்தா என்ன, விட்டுராத" என்றாள்
எதிர்வீட்டு ஜாய்ஸ் டீச்சர்.

நேற்று மூன்று மணிக்குச் சாலை ஓய்ந்திருந்தது.
மேடையின் நடுவில் போய் நின்றேன், செருப்போடு.
கொம்பையா உள்ளே திரையைப் பார்த்துச் சொன்னான்:
எண்பது.
காய்ச்சலுக்கு முன்பும் ஒருநாள் நின்றிருக்கிறேன்,
அன்றைக்கும் எண்பதுதான்.
இருபது இருபதாகத்தான் எண்ணும் இது.
நான் அழுததும் நடந்ததும் பட்டினி கிடந்ததும்
அந்த இருபதுக்குள் எங்கேயோ.

"சீட்டு போடட்டுமாக்கா?"
போடச் சொன்னேன்.
வண்டி எண்: இல்லை.
சரக்கு: ஆவுடைத்தாய்.
மொத்த எடை: எண்பது.
வெறும் வண்டி எடை என்ற கட்டத்தில்
அவன் விரல் நின்றுவிட்டது.
எதைக் கழிக்க?
வயிற்றைக் கிழித்து எடுத்த இரண்டு பிள்ளைகளையா,
தைராய்டு மாத்திரையையா,
அப்பா வழியில் வந்த இந்த இடுப்பையா?
எல்லாவற்றையும் இறக்கிவிட்டு
திரும்பி வந்து நிற்பாளே ஒருத்தி,
அவளை எனக்கு அடையாளம் தெரியுமா?

காலியாக விட்டே அச்சடித்தோம்.

வாழைத்தார் லாரி ஒன்று ஹாரன் அடித்தது.
நான் இறங்கியதும் திரை சைபருக்கு வந்தது,
என்னைப் பார்த்ததே இல்லை என்பது போல.
களக்காட்டு டிரைவர் தலையை வெளியே நீட்டி,
"என்னக்கா, நீங்களும் லோடா?" என்றான்.