சைக்கிள் ஸ்டாண்டு, பதினோரு மணிக் காட்சி

எனக்கு ஆட்களைத் தெரியாது, சைக்கிள்களைத் தெரியும்.
தோல் ஷாப்பு இரவு ஷிப்டு விட்டு வருகிறவற்றின்
கைப்பிடியில் ஆவாரம்பட்டைக் கறை.
தபாலாபீஸ் சைக்கிள் ஒன்று,
பையைச் செய்தித்தாளில் சுற்றி மறைத்தபடி.
நாலணா நீட்டுவார்கள், கீழே பார்த்துக்கொண்டு.
நானும் சக்கரத்தைப் பார்த்தே டோக்கன் கொடுப்பேன்.
சம்பூரணம் என்று எனக்கொரு பெயர் இருப்பது
அந்தக் காட்சிக்கு வருகிற எவருக்கும் தெரியாது.

பேரணாம்பட்டில் அது ஒரு செவ்வாய்க்கிழமை.
சுவரொட்டியில் அவள் கழுத்துக்குக் கீழே
போலீசுக்குப் பயந்து தனகோட்டி ஒட்டிய கறுப்புத் தாள்.
பசை காயவில்லை.
ஒரு ஆடு முன்னங்காலைத் தூக்கிச் சுவரில் வைத்து
கறுப்புத் தாளை மட்டும் தின்றுகொண்டிருந்தது.

பதினொன்றே முக்காலுக்குக் கரண்ட் போனது.

மற்ற காட்சியென்றால் நாற்காலி உடையும், விசில் பறக்கும்,
தனகோட்டியின் அம்மாவை இழுப்பார்கள்.
இந்தக் காட்சியில் ஒரு சத்தம் கிடையாது.
கத்தினால் குரல் தெரிந்துவிடும்.
செருமல் வந்தவன் துண்டைக் கடித்துக்கொள்வான்போல.

அப்போதுதான் அந்தப் பெண்பிள்ளை வந்தாள்,
பள்ளிக்கூடப் பாவாடை, கையில் மண்ணெண்ணெய் கேன்.
வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போய்
ஒரு சீட்டின்மேல் கை வைத்தாள்.
"இது எங்கப்பாது.
ரேஷன்ல எண்ணெ ஊத்துறாங்கக்கா.
கார்டு அப்பா ஜோபில கீது."

பெயர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.
சீட்டில் நான் எழுதிய சாக்பீஸ் எண்ணைப் பார்த்தேன்.

பதினாலு வருஷத்தில்
படுதாவை விலக்கி நான் உள்ளே போனது அன்றுதான்.
டார்ச்சைத் தரைக்கே பிடித்திருந்தேன்.
செருப்புகள் மட்டும் தெரிந்தன,
ஒவ்வொன்றாக நாற்காலிக்கு அடியில் ஒதுங்கின.

"நாப்பத்தொண்ணு. ரேஷன் கார்டு வேணுமாம்."

அத்தனை பேரும் டோக்கனைத் தடவிப் பார்க்கும் சத்தம்.
டார்ச்சை அணைத்துவிட்டேன்.

நடுவில் எங்கோ ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.
பிறகு கையிலிருந்து கைக்கு,
எங்கே கிளம்பியது என்று எவருக்கும் தெரியாதபடி,
மூடினது மூடினபடியே அட்டை வந்தது.
என்னிடம் சேர்ந்தபோது ஈரமாக இருந்தது.
எத்தனை பேர் வேர்வையோ.
பிரித்துப் பெயரைப் பார்க்கலாமா என்றிருந்தது.
பார்க்கவில்லை.

"உள்ள இன்னாக்கா பண்றாரு?"
"கரண்ட்டுக்குக் காத்துக்கினு கீறாரு."
அவளுக்கு அது போதும்.
கேன் முட்டியில் இடிக்க இடிக்க ஓடினாள்.

ஒரு மணிவரை கரண்ட் வரவில்லை.
காசைத் திருப்பித் தருவதாகத் தனகோட்டி வாசலில் நின்று கத்தினான்.
வாங்குவதற்கு ஒருவரும் நிற்கவில்லை.

நாற்பத்தொன்று வந்தது.
நான் செயினைப் பார்த்தேன், எண்ணெய் விட்டு நாளாயிருந்தது.
அடுத்து வந்தவர் டோக்கனை நீட்டியபடி
முதல் தடவையாக என்னிடம் பேசினார்:

"எந்தக் கடையிலம்மா ஊத்துறாங்க?"

பின்னாலிருந்த நாலைந்து சைக்கிள்கள்
மணி அடிக்காமல் நின்றன, பதிலுக்காக.