காப்பு

இரவு இரண்டு மணி என்று குறித்திருந்தான்
ஓசூரிலிருந்து வந்து இதை நிறுவிவிட்டுப் போனவன்.
அந்நேரம் எல்லா ஊரும் உறங்கும் என்று
யாரோ அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில்
இரண்டு மணிக்குத்தான் முதல் மினிலாரி பின்கதவு திறக்கும்.
உசிலம்பட்டி மல்லி, நிலக்கோட்டைச் சம்பங்கி,
சொட்டும் சாக்கு, ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டி.
நாற்பத்து மூன்று கடைத் தராசும்
ஒரே சர்வரின் வாயில் எடையை ஊட்டும்.
அதே வாய்க்குள்தான்
காப்பு நகலும் அந்நேரம் கைவிட்டு
நேற்றுவரை தின்ற அத்தனையையும் வெளியே இழுக்கும்.

திரையில் வட்டம் சுற்றும்.
ரசீது மெஷின் நாக்கை நீட்டாது.
"மொட்டு விரியுதும்மா,
ஒங்க கம்ப்யூட்டருக்குத்தான் விடியல"
என்றார் கமிஷன்கடை சாந்தாராம்.
விரிந்த மல்லிக்குக் கிலோவுக்கு எவ்வளவு அடிபடும் என்று
அன்று தெரிந்துகொண்டேன்.

நிறுத்தினேன்.
'தற்காலிகமாக' என்று நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டு.
பதினோராம் நாள்
ஒரு மின்வெட்டு, திரும்பி வந்த மின்சாரத்தின் ஓர் உதை,
டிஸ்க்குக்குள் ஒரு கிடுகிடுப்பு.
அவ்வளவுதான்.

பதினோரு நாள் பூ.
விற்றாயிற்று, சூடியாயிற்று,
வாடிக் குப்பைக்கும் போயாயிற்று.
கணக்கு மட்டும் எங்கும் இல்லை.
செக்கானூரணி ஒச்சம்மா
சிகரெட் அட்டைகளின் உட்புறத்தில் குறித்துவைத்த எடைகளைச்
சீட்டுக்கட்டு மாதிரி கவுண்டரில் பரப்பினாள்.
அவளிடம் இருந்தது. என்னிடம் இல்லை.
இதற்குச் சம்பளம் வாங்குபவள் நான்.

மதியத்துக்கு மாற்றிப் பார்த்தேன்.
இரண்டரை மணிக்குச் சந்தையில் சாக்குமேல் நாய்கள்தான்.
ஆனால் வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாளில்
மதியம் என்று ஒன்று கிடையாது.

சந்தையைக் கூட்டுகிற முத்திருளன்
காதில் இயர்போனோடு குனிந்திருப்பான்.
"ஓரம், ஓரம்" என்று கூடை வந்தால்
விளக்குமாற்றை உயர்த்தி ஒரு கணம் நிற்பான்.
கூடை போகும். விட்ட இடத்திலிருந்து மறுபடி.
விடியும்போது தரை சுத்தம்.
அவன் கூட்டியதைப் பார்த்ததாக
ஒருவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள்.

அதைப் பார்த்துத்தான் எழுதினேன்:
மாறியதை மட்டும் எடு.
கண்ணிமைப்பில் ஒரு படம் பிடித்துக்கொள்,
படத்தைப் பார்த்துப் பிரதி செய், தராசைத் தொடாதே.
வினாடிக்கு எட்டு எம்பிக்குமேல் வேகம் வேண்டாம்.
எடை வந்தால் நில்.
எத்தனை முறை நின்றாலும் ஆறு மணிக்குள் முடி.
முடியாவிட்டால் என்னை எழுப்பு.

கோயிலில் காப்பு கட்டுகிறவர்
ஒரு விரலை இடையில் விட்டே முடிச்சிடுவார்.
அந்த விரல் இல்லையென்றால் கை மரத்துப்போகும்.
இரண்டு விரல் விட்டால்
குளிக்கும்போது கழன்று சாக்கடையோடு போகும்.
முதல் தடவை எட்டு எம்பி அல்ல, நாற்பது வைத்தேன்.
அப்புறம் இரண்டு.
ஒரு விரலைக் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

இப்போது மணி நாலு பத்து.
ரசீதுகள் கிழிபடும் சத்தம்.
சாந்தாராம் ஐஸ்காரனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்,
என்னை அல்ல.
மூலையிலிருக்கும் இரண்டாவது பெட்டியில்
பச்சை விளக்கு மினுக்குகிறது,
நிற்கிறது, மினுக்குகிறது.

ஒச்சம்மா இன்னும்
சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள்.
வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.